தனியார் விமானிகளும் வான்விதி மீறல்களும்: இந்தியச் சட்ட வரலாறு

கூலியோ ஊதியமோ பெறாமல், தம் சொந்தப் பயணத்துக்காகவோ விருப்பத்துக்காகவோ விமானம் ஓட்டுபவர் தனியார் விமானி எனப்படுகிறார். இந்தியாவில் 17 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேறி, மருத்துவத் தகுதி பெற்று, 40 மணி நேரம் பறந்து பழகி, தேர்வுகளில் வென்றவருக்குத் தனியார் விமானி உரிமம் கிடைக்கும். இதை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. என்பார்கள். இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கி ஒருவரை ஏற்றிச் சென்றால் அதுவே விதிமீறல்.

இவ்வாறு உரிமம் பெற்றவர் விதிகளை மீறினால் என்ன ஆகும் என்பதை இக்கட்டுரை வரலாற்று வழியில் கூறுகிறது. சாலையில் தவறு செய்தால் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்துவார்; அங்கேயே அபராதச் சீட்டு கிழித்துக் கொடுப்பார். வானத்தில் கை காட்ட ஆள் இல்லை. விமானி தரையிறங்கிய பிறகு, யாரோ ஒருவர் அறிக்கை எழுதி, அதை ஓர் அதிகாரி படித்து, உரிமத்தில் கை வைக்க வேண்டும். ஆகவே இத்துறையில் தண்டனையின் அளவைவிட, அந்த அதிகாரி சுதந்திரமாக முடிவெடுக்க முடிகிறதா என்பதே பெரிய கேள்வியாக இருந்து வந்திருக்கிறது.

சட்டம் இல்லாத வானம்

தமிழ்நாட்டில் முதலில் பறந்தவருக்கு உரிமம் கிடையாது. சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டுவித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். அவரிடம் தாளைக் காட்டு என்று கேட்க அன்று எந்த அலுவலகமும் இல்லை. அவர் மக்கள்மேல் விழுந்திருந்தால் சாதாரணக் குற்றவியல் சட்டம் மட்டுமே பாய்ந்திருக்கும்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று, அலகாபாத்தில் ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை யமுனைக்கு அக்கரையிலுள்ள நைனிக்குக் கொண்டு சேர்த்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் என்று பாடநூல்களில் படித்திருப்போம். பாடநூலில் வராத ஒன்று, அதே 1911இல் பிரிட்டிஷ் இந்திய அரசு 'இந்திய ஆகாயக் கப்பல் சட்டம்' இயற்றியது. நாட்டில் விமானங்களை விரல்விட்டு எண்ணலாம். அதற்குள் அவற்றைச் செய்வது, வைத்திருப்பது, ஓட்டுவது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாவற்றையும் கட்டுப்படுத்தச் சட்டம் வந்துவிட்டது. வானத்தில் செல்பவன் கோட்டைச் சுவருக்குள் எட்டிப் பார்க்கலாம் அல்லவா? பயணிகளின் பாதுகாப்பைவிட அரசின் பாதுகாப்புதான் அன்று முன்னே நின்றது என்று கருதுகிறேன்.

உரிமம் என்ற வழக்கம் பறக்கும் கழகங்களோடு வந்தது. 1929 பிப்ரவரி 10 அன்று ஜே. ஆர். டி. டாட்டா பெற்ற முதல் எண் சான்றிதழை வழங்கியது 'ஏரோ கிளப் ஆஃப் இந்தியா அண்ட் பர்மா' என்ற கழகம். தென்னாட்டிலும் வசதி படைத்தோர் பறக்கக் கற்றனர். காரைக்குடியில் கல்விக்கூடங்கள் நிறுவிய வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டன் அருகே குராய்டனில் பறக்கப் பழகிச் சான்றிதழ் பெற்றவர். பின்னாளில் ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். கழகம் என்பது நண்பர்கள் கூடுமிடம். கற்பிப்பவரும் சான்றளிப்பவரும் உறுப்பினரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இந்த நெருக்கத்தின் தீமை பின்னர் தெரிய வந்தது.

வில்சனின் விமானமும் 1934 சட்டமும்

1933இல் மாரிஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர், எவரெஸ்ட் சிகரத்தில் தனியாக ஏறப்போவதாகச் சொல்லி, ஒரு பழைய ஜிப்சி மாத் விமானத்தை வாங்கிப் பறக்கக் கற்றுக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டார். பிரிட்டிஷ் விமான அமைச்சகம் போகக்கூடாது என்றது. பஹ்ரைனில் மேற்கொண்டு செல்ல அனுமதி மறுத்தார்கள். திரும்பிப் போவதாகப் போக்குக் காட்டிவிட்டுக் கடல் கடந்து குவாதரில் இறங்கினார். நேபாளத்தின்மேல் பறக்க அனுமதி கிடைக்கவில்லை; பீகாரில் பூர்ணியா அருகே அவருடைய விமானம் அதிகாரிகளால் தடுத்து வைக்கப்பட்டது. கடைசியில் விமானத்தை விற்றார். மாறுவேடத்தில் திபெத் வழியாக நடந்தே சென்று, 1934இல் எவரெஸ்ட் சரிவில் இறந்தார்.

அன்றைய அரசிடம் இருந்த வலுவான ஆயுதம் விமானத்தைப் பிடித்து வைப்பதுதான் என்பது இந்தக் கதையில் தெரிகிறது. அதே 1934 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய விமானச் சட்டம் பிறந்தது. வில்சனுக்காக இயற்றியது என்று எண்ண வேண்டாம். பன்னாட்டு விமானப் போக்குவரத்து பெருகியதே காரணம். ஆனால் விமானத்தைத் தடுத்து வைக்கும் அதிகாரம் அச்சட்டத்தின் 8ஆம் பிரிவில் தெளிவாக எழுதப்பட்டது. விதிகளை மீறுவதற்கான தண்டனை 10ஆம் பிரிவில் வந்தது. தரையிலோ நீரிலோ வானிலோ உள்ள மனிதருக்கும் உடைமைக்கும் ஆபத்து விளையும்படி வேண்டுமென்றே பறப்பது 11ஆம் பிரிவின்படி தனிக் குற்றமாயிற்று.

இச்சட்டத்தின் 17ஆம் பிரிவை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நியாயமான உயரத்தில் ஒரு விமானம் நம் நிலத்தின்மேல் பறந்தது என்பதற்காக மட்டும், அத்துமீறி நுழைந்தான் என்று அந்த விமானிமேல் உரிமை வழக்குப் போட முடியாது. அலங்காநல்லூரில் நெல் வயல் வைத்திருப்பவரின் பட்டா பூமிக்குத்தான், அதற்கு மேலுள்ள வானுக்கு இல்லை. ஆனால் 'நியாயமான உயரத்தில்' என்ற சொற்களைத் தாண்டித் தாழப் பறப்பவர் அந்தப் பாதுகாப்பை இழக்கிறார்.

1937 விதிகள்

சட்டம் எலும்பு என்றால் 1937 மார்ச்சில் வந்த விமான விதிகள் சதை. தனியார் விமானி அன்றாடம் கட்டுப்படுவது இவற்றுக்குத்தான். தடை செய்யப்பட்ட பகுதிகளின்மேல் பறக்கக்கூடாது (விதி 12). தாழ்வாகவோ, மனிதர்களுக்கும் வீடுகளுக்கும் மிக அருகிலோ பறந்து தேவையற்ற ஆபத்தை உண்டாக்கக்கூடாது (விதி 21). மது அருந்தி 12 மணி நேரம் கழியுமுன் விமானம் ஓட்டக்கூடாது (விதி 24). விமானத்திலிருந்து பொருள்களைக் கீழே போடக்கூடாது (விதி 26). தரையில் இருப்போரையும் விதிகள் விட்டுவைக்கவில்லை. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி திறந்த வெளியில் ஆடுமாடு வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் விதி 91 தடுக்கிறது.

உயரத்துக்குக் கணக்கு உண்டு. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தத்தைத் தழுவிய வான்விதிகளின்படி, மக்கள் நெருங்கி வாழும் ஊரின்மேல் பறக்கையில் 600 மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள மிக உயரமான பொருளுக்கு மேலே குறைந்தது 1,000 அடி இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 500 அடி போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் இது பொருந்தாது.

இவற்றை மீறினால் முதலில் வருவது விதி 19. உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம், அல்லது உரிமத்திலேயே குறிப்பு எழுதலாம். அதற்கு முன் விமானிக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பி, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இது நீதிமன்றத்துக்குப் போகாமலே நடக்கக்கூடியது. சிறைத் தண்டனை ஏட்டில் இருந்தாலும், நடைமுறையில் பெரும்பாலான விமானிகளைத் தொடுவது இந்த ஒரு விதிதான். தொழில்முறை விமானிக்கு உரிமம் போனால் சோறு போகிறது. தனியார் விமானிக்கு அப்படி இல்லை. அவருக்கு வேறு தொழில் உண்டு, பெரும்பாலும் செல்வாக்கும் உண்டு. இதனால்தான் அவரிடம் விதி 19 சற்று மென்மையாகப் படுகிறது.

விபத்தில் உயிர் போனால் பொதுக் குற்றவியல் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அது ஐந்தாண்டு வரை ஆகியுள்ளது. காப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமலோ சட்டத்துக்கு மாறாகவோ பறந்தால் இழப்பீடு கிடையாது என்ற நிபந்தனை விமானக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் வழக்கமாக உண்டு.

தப்பிப் பறந்தவர்

பிடித்து வைத்த விமானமே தப்பிய வேடிக்கையும் நடந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் டேனியல் வால்காட் என்ற அமெரிக்கர் சொந்தமாக ஒரு பைப்பர் அப்பாச்சி விமானம் வைத்திருந்தார். துப்பாக்கி ரவைகள் தொடர்பான வழக்கில் டெல்லியில் கைதானார். அவருடைய விமானம் சப்தர்ஜங் விமான நிலையத்தில் காவலில் நின்றது. எஞ்சின் கெட்டுப்போகாமல் இருக்க அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அனுமதி வாங்கினார். 1963இல் ஒரு நாள் அப்படி ஓட்டிப் பார்த்தவர் அப்படியே மேலேறிப் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டார். போகும் வழியில் திகார் சிறையின்மேல் வட்டமிட்டுப் பழைய கூட்டாளிகளுக்குச் சிகரெட் போட்டார் என்று கதை சொல்வார்கள். சில ஆண்டுகளில் மீண்டும் இந்தியாவுக்குள் வந்து பம்பாயில் பிடிபட்டுச் சிறை சென்றார். அவரைச் சிக்கவைத்தவை கடத்தல் வழக்குகள்தாம். வான்விதிகள் அங்கே பின்னணியில் நின்றன.

1980 ஜூன் 23

சஞ்சய் காந்தி அப்போது 33 வயதினர். அமேதி தொகுதியின் மக்களவை உறுப்பினர். பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன். ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளர்களில் ஒருவர். டெல்லி பறக்கும் கழகத்தில் பறப்பவர். அன்று காலை எட்டு மணியளவில் கழகத்தின் பயிற்றுநர் கேப்டன் சுபாஷ் சக்சேனாவுடன் சப்தர்ஜங்கிலிருந்து 'பிட்ஸ் எஸ்-2ஏ' என்ற இருவர் அமரும் சாகச விமானத்தில் ஏறினார். இரட்டை இறக்கை கொண்ட சிறிய விமானம் அது. வானில் குட்டிக்கரணம் போடுவதற்கென்றே செய்யப்பட்டது. தலைநகரின் குடியிருப்புகளின்மேல் வட்டச் சாகசம் செய்துகொண்டிருந்தபோது கட்டுப்பாட்டை இழந்து தரையில் மோதியது. இருவரும் இறந்தனர்.

மேலே சொன்ன விதி 21ஐ இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தாழ்வான உயரம், வீடுகளின் அருகாமை, தேவையற்ற ஆபத்து ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடின. ஆனால் வரலாற்று மாணவன் பார்க்க வேண்டியது அந்தக் காலைப்பொழுதுக்கு முந்தைய வாரங்களை. அப்போது டி.ஜி.சி.ஏ.வின் தலைவராக இருந்தவர் விமானப்படையிலிருந்து வந்த ஜாஃபர் ஜாகீர். சஞ்சய் பறக்கும்போது பாதுகாப்பு விதிகளை மீறுகிறார் என்று அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார் என்றும், அதன்பின் விடுப்பில் போகும்படி செய்யப்பட்டார் என்றும் அக்காலப் பத்திரிகைகள் எழுதின. உரிமத்தை நிறுத்தி வைக்கக்கூடிய அலுவலகத்தின் தலைவர் நாற்காலியில் இல்லை. உரிமம் கையில் இருந்தது.

விபத்துக்குப் பிறகு நீதி விசாரணை அறிவிக்கப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. இறந்தவர்மேல் குற்றவியல் நடவடிக்கை கிடையாது. அது எந்த நாட்டுச் சட்டத்திலும் இயல்பு. விசாரணை என்பது வேறு. யார் குற்றவாளி என்று கேட்பதைவிட, இது ஏன் நடந்தது, இனி எப்படித் தடுப்பது என்று கேட்பதே விமான விபத்து விசாரணையின் வேலை. அந்தக் கேள்விக்குப் பொதுவெளியில் விடை கிடைக்காமலே போயிற்று.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். இந்திய அரசியலில் சஞ்சய் காந்தியின் மரணம் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்று எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். சக்சேனாவின் பெயரை ஒரு முறையும் கரும்பலகையில் எழுதியதில்லை. ஆளும் குடும்பத்தவர் ஒருவருடன் ஒரே விமானத்தில் அமர்ந்த பயிற்றுநரால் 'போதும், இறங்குவோம்' என்று சொல்லியிருக்க முடியுமா? அதிகாரியின் கையில் சட்டம் வலுவாக இருந்தால் அந்தப் பாரம் பயிற்றுநரின் தலையில் விழாது.

தண்டனை ஏறியது, அலுவலகத்துக்கு நிலை வந்தது

1934 சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அபராதத்தின் உச்சவரம்பு 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடியாக உயர்ந்தது. பத்திரிகைகள் அந்தத் தொகையைத்தான் தலைப்பாக்கின. எனக்கு முக்கியமாகப் படுவது மற்றொன்று. அதுவரை அமைச்சகத்தோடு இணைந்த அலுவலகமாக இருந்த டி.ஜி.சி.ஏ.வுக்கும், விமானப் பாதுகாப்புப் பணியகத்துக்கும், 2012 முதல் இயங்கும் விமான விபத்து விசாரணைப் பணியகத்துக்கும் அந்தத் திருத்தம் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. மூன்றும் மத்திய அரசின் மேற்பார்வையில்தான் உள்ளன. ஆகவே 1980இன் கேள்வி முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அதே திருத்தத்தில் 12ஆ என்ற பிரிவும் நுழைந்தது. இச்சட்டத்தின் கீழான குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டுமானால், அந்த அமைப்புகளின் தலைவர்கள் புகார் தர வேண்டும், அல்லது எழுத்து மூலம் முன் அனுமதி தர வேண்டும். இதன் பொருள் ஜார்க்கண்டில் தெளிவானது. 2022 ஆகஸ்ட் 31 அன்று, இரவில் விமானம் இயக்கும் வசதி இல்லாத தேவ்கர் விமான நிலையத்திலிருந்து ஒரு வாடகைத் தனி விமானம் சூரியன் மறைந்த பின் புறப்பட்டது. கட்டுப்பாட்டு அறையினரை வற்புறுத்தியதாக நாடாளுமன்ற உறுப்பினர்கள் நிஷிகாந்த் துபே, மனோஜ் திவாரி உள்ளிட்டோர்மேல் மாநிலக் காவல்துறை வழக்குப் பதிந்தது. உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அதை ரத்து செய்தது. 2025 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விமானச் சட்டம் தனக்கென ஒரு முழு நடைமுறை கொண்ட சட்டம்; மாநிலக் காவல்துறை தான் திரட்டியதை உரிய அதிகாரியிடம் அனுப்பலாம், புகார் தருவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார் என்பது தீர்ப்பின் சாரம்.

உள்ளூர்க் காவல் நிலையம் நினைத்தபடி விமானிகளை அலைக்கழிக்காமல் இருக்க இது நல்ல பாதுகாப்பு. ஆனால் சாவி ஒரே அலுவலகத்தில் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 1934 சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம் 2024 வந்துள்ளது. இரண்டாண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம், அல்லது இரண்டும் என்ற அளவு அதிலும் தொடர்கிறது.

மறைத்தவருக்கு மற்றொரு கணக்கு

வெளிநாட்டு வழக்குகள் இரண்டை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு விளங்கும். 1987 மே 28 அன்று மத்தியாஸ் ரூஸ்ட் என்ற 18 வயது மேற்கு ஜெர்மானியர் ஹெல்சிங்கியிலிருந்து ஒரு செஸ்னா விமானத்தில் சோவியத் எல்லைக்குள் புகுந்து மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் அருகே இறங்கினார். நான்காண்டுத் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே விடுவித்தார்கள். தரையிறங்கிய பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை, அமைதிக்காகவே வந்ததாகச் சொன்னார்.

அமெரிக்காவின் டிரெவர் ஜேக்கப் 2021 நவம்பரில் கலிபோர்னியாவில் எஞ்சின் நின்றுவிட்டது போலக் காட்டிப் பாராசூட்டில் குதித்து, ஆளில்லாத விமானம் மலையில் மோதுவதைப் படம் பிடித்து யூடியூபில் வெளியிட்டார். உரிமத்தை அந்நாட்டு விமான நிர்வாகம் 2022இல் ரத்து செய்தது. 2023 டிசம்பரில் கிடைத்த ஆறு மாதச் சிறை எதற்காக என்று பாருங்கள். விமான உடைசலை இரகசியமாக அகற்றி அழித்து, விசாரணையைத் தடுத்ததற்காக.

இந்தியாவிலும் 2011இல் பெரிதாக வெடித்தது பறப்பதில் நேர்ந்த தவறு அல்ல, தாளில் செய்த பொய். போலி மதிப்பெண் சான்றுகளைக் காட்டி விமானிகள் சிலர் உயர்நிலை உரிமம் வாங்கியது தெரிந்து கைதுகள் நடந்தன. ராஜஸ்தானில் பறக்காத நேரத்தைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதிய வழக்கும் வெளிவந்தது. விமானியின் பறப்புப் பதிவேடு நம் பள்ளி வருகைப் பதிவேடு போன்றது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம், ஒரு வேறுபாட்டோடு. வராத மாணவனுக்கு வருகை போட்டால் பாடம் போகும்; பறக்காத மணிக்கு வருகை போட்டால் உயிர் போகும்.

மதுரை வானம்

மதுரையின் ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியது. அதன் வானம் நாடறிந்த செய்தியானது 2021 மே 23 அன்று. மறுநாள் கொரோனா முழு ஊரடங்கு தொடங்கவிருந்தது. வாடகைக்கு அமர்த்திய ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் உறவினர் சூழ ஒரு ஜோடி நடுவானில் தாலி கட்டிக்கொண்டது. முகக்கவசமும் இடைவெளியும் இல்லாத படங்கள் பரவின. டி.ஜி.சி.ஏ. விசாரணைக்கு உத்தரவிட்டது, விமானக் குழுவினர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். இது தனியார் விமானி வழக்கு அன்று. ஆனாலும் தாலி கட்டியவர் ஒருவர், முதல் அடி விழுந்தது விமானக் குழுவின்மேல் என்பதைக் கவனிக்கலாம். விமானத்துக்குள் நடப்பதற்கு விமானியே பொறுப்பு என்ற கொள்கையின் விளைவு அது.

இன்று எங்கள் பகுதி இளைஞர்கள் வான்சட்டத்தைச் சந்திப்பது ட்ரோன் வழியாகத்தான். 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையான வளையத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. 8 கிலோமீட்டருக்குள் தரையை விட்டு எழும்பவே அனுமதி தேவை. மீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பொங்கல் வாரத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என மூன்று ஊர்களிலும் அடுத்தடுத்த நாள்களில் சல்லிக்கட்டு நடக்கிறது. மூன்றிலும் வாடிவாசலுக்கு மேலே படமெடுக்க ஆசைப்படுவோர் உண்டு. காவல்துறையின் கட்டுப்பாடு எல்லா ஊருக்கும் பொது. வான்விதி அப்படியன்று. பாலமேடும் அலங்காநல்லூரும் விமான நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. அவனியாபுரம் விமான நிலையத்தின் பக்கத்து ஊர்; அங்கே காளை அவிழும் நேரத்தில் தலைக்கு மேலே பயணிகள் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்.